மெண்டலைத் திகைக்க வைத்த செடி: இனக்கலப்பும் கலவியிலா வித்தாக்கமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு என்பது பனையோடு வாழ்ந்து பழகிய நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. பெண்மரம் முளைக்கத்தக்க வித்தைத் தரவேண்டுமாயின் எங்கோ ஓர் ஆண்மரம் நிற்றல் வேண்டும் என்பதையும் நாம் இயல்பாகவே ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால் 1829ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மோர்ட்டன் குடாப் பகுதியிலிருந்து இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று செடிகள் இந்நம்பிக்கையை அசைத்துவிட்டன. மூன்றும் பெண்செடிகளே. அவ்வினத்தின் ஆண்செடி ஐரோப்பாவில் எங்கும் இருந்ததில்லை. இருந்தும் அவை ஆண்டுதோறும் பூத்தன, காய்த்தன, அவற்றின் வித்துக்கள் முளைத்துத் தாய்ச்செடியை ஒத்த செடிகளாகவே வளர்ந்தன. பூங்காவின் பொறுப்பாளராக விளங்கிய யோன் சிமித் பூக்களை நுணுகி ஆராய்ந்தும் மகரந்தத்தின் சுவட்டைக் கண்டாரில்லை. 1839இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் இச்செய்தியை அவர் வைத்தபோது, மணமாகாப் பெண் எனப் பொருள்படும் ‘சீலெபோகைனி’ என்னும் பெயரையே அச்செடிக்குச் சூட்டினார்.

கண்ணுக்குத் தெரியாத கேசரம் எங்கேனும் ஒளிந்திருக்கலாம் என்று பலர் ஐயுற்றனர். அவ்வையம் தீர நெடுங்காலம் சென்றது. அக்காலத்தினுள்ளேயே, இனம் என்றால் என்ன, புதிய இனம் எவ்வாறு தோன்றுகின்றது என்னும் பெருவினாக்களோடு இச்சிறு செடியின் புதிரும் பின்னிப் பிணைந்துவிட்டது. ஒருபுறம் இனக்கலப்பு, மறுபுறம் கலவியே இல்லாத வித்தாக்கம். ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணானவை போலத் தோன்றும் இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுத் தாவரங்களின் கூர்ப்பில் எவ்வாறு கைகோத்து நின்றன என்பதை அறிஞர் உணர்ந்துகொண்ட வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலப்பினம் இனமாகுமா?

இனங்கள் படைப்புக் காலந்தொட்டு மாறாதவை என்ற கொள்கையோடு ஆய்வைத் தொடங்கியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். முதுமையில் அவரது உறுதி தளர்ந்தது. திரகோபோகன் என்னும் சாதியைச் சேர்ந்த இரு இனங்களைத் தம் தோட்டத்திற் கலந்து கலப்பினமொன்றைப் பெற்ற அவர், சென் பீற்றர்ஸ்பேர்க் கழகத்தின் பரிசை 1760இல் வென்ற தமது கட்டுரையில் அதனைச் சான்றாகக் காட்டினார். இயற்கையிலும் இனக்கலப்பினால் புதிய இனங்கள் தோன்றலாம் என்பது அவரது பிற்காலக் கருத்தாயிற்று.

இக்கருத்துக்கு மறுப்பும் உடனடியாகவே எழுந்தது. யேர்மனியரான கோல்ரொயிற்றர் 1760ஆம் ஆண்டில் புகையிலைச் சாதியின் இரு இனங்களைக் கலந்து பெற்ற செடிகள் செழித்து வளர்ந்தன, ஆயினும் மலடாயிருந்தன. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை எவ்வாறு சந்ததியின்றி மடிகின்றதோ அவ்வாறே தாவரக் கலப்பினமும் மடிகின்றது என அவர் கண்டார். வளமுடைய கலப்பினங்களோ அடுத்த தலைமுறைகளில் பெற்றோரின் இயல்புகளை நோக்கிச் சிதறிச் சென்றன. ஆகவே கலப்பினம் இனமாக நிலைபெற வேண்டுமாயின் இரு தடைகளைக் கடத்தல் வேண்டும். ஒன்று மலட்டுத்தன்மை, மற்றது சந்ததியிற் சிதறும் தன்மை. பின்வந்த ஒன்றரை நூற்றாண்டு ஆராய்ச்சியை இவ்விரு தடைகளும் எவ்வாறு கடக்கப்பட்டன என்பதன் வரலாறாகவே நாம் கொள்ளலாம்.

மெண்டலும் ஹைராசியமும்

கிரகர் மெண்டல் என்றதும் பட்டாணிச் செடியே நம் நினைவுக்கு வரும். 1865இல் புரூண் நகரில் அவர் வாசித்து, 1866இல் அச்சேறிய அக்கட்டுரை பரம்பரையியலின் அடித்தளமாகும். ஆனால் அதே கட்டுரையில் மற்றுமொரு வினாவையும் அவர் தொட்டிருந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டாணியின் கலப்பினங்கள் சந்ததியிற் பிரிந்து சிதறுகின்றன. ஆயின் சிதறாது மாறாநிலையில் தொடரும் கலப்பினங்களும் உள்ளனவென முன்னோர் சிலர் கூறியிருந்தனர். அவ்வாறானவை உண்மையாகவே இருக்குமாயின் அவை புதிய இனங்களின் தகுதியை அடையும் என்றும், தாவரங்களின் கூர்ப்பு வரலாற்றுக்கு அவை மிக முக்கியமானவை என்றும் மெண்டல் கருதினார். அவற்றைத் தேடியே அவர் ஹைராசியம் என்னும் சாதியிடம் சென்றார்.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்சாதி, கிரேக்க மொழியிற் பருந்தைக் குறிக்கும் சொல்லால் பெயர் பெற்றது. அதன் இனங்களை வகுப்பது தாவரவியலாளர்க்கு என்றுமே தலைவேதனையாக இருந்துவந்தது. எங்கே ஓரினம் முடிந்து மற்றது தொடங்குகின்றது என்பதில் இருவர் ஒத்துப்போவதில்லை. 1859இல் வெளிவந்த ‘இனங்களின் தோற்றம்’ என்னும் நூலில் டார்வினும், இயல்புக்கு மீறி வேறுபடும் சாதிகளுக்கு உதாரணமாக முட்பழச் சாதியாகிய ரூபஸ், ரோசா ஆகியவற்றுடன் ஹைராசியத்தையும் சுட்டியிருந்தார்.

இச்சாதியில் வல்லுநராக விளங்கியவர் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் நேகெலி. அவருக்கு மெண்டல் 1866 டிசம்பர் 31ஆந் திகதி முதற் கடிதத்தை எழுதினார். கடிதத் தொடர்பு 1873 வரை நீடித்தது. நேகெலியே மெண்டலைத் தவறான செடியிடம் வழிதிருப்பிக் கெடுத்தார் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. அது பொருந்தாது. அம்முதற் கடிதத்திலேயே தாம் ஹைராசியத்தைத் தெரிவுசெய்துவிட்டதை மெண்டல் அறிவித்திருக்கின்றார்.

வேலையோ கடினமானது. நாம் ஒரு பூவெனக் காண்பது உண்மையில் பல நுண்பூக்கள் செறிந்த தலையாகும். ஒவ்வொரு நுண்பூவிலும் மகரந்தக்கூடுகள் ஒன்றிணைந்து குழாயாகிக் குறித்தண்டைச் சூழ்ந்து நிற்கின்றன. மொட்டு விரியுமுன் அக்குழாயை ஊசியாற் கீறி அகற்றிப் பிறிதோரினத்தின் மகரந்தத்தை வைத்தல் வேண்டும். ஆடியாலும் வில்லையாலும் ஒளியைக் குவித்து இவ்வேலையைச் செய்த மெண்டலின் கண்கள் 1869இல் பழுதுற்று, அவர் சில மாதங்கள் ஆய்வை நிறுத்த நேர்ந்தது.

அதே ஆண்டு யூன் மாதத்தில் அவர் வாசித்து, 1870இல் வெளிவந்த சிறு கட்டுரை அவரது ஏமாற்றத்தையும் நேர்மையையும் ஒருங்கே காட்டுகின்றது. கிடைத்தவை ஆறு கலப்பினங்களே. அவற்றிலும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரையான செடிகளே இருந்தன. அவற்றின் நடத்தையோ பட்டாணிக்கு நேர் எதிரானது. பட்டாணியில் முதற்றலைமுறைச் செடிகள் யாவும் ஒரே தன்மையன. அடுத்த தலைமுறையே சிதறும். ஹைராசியத்திலோ ஒரே பெற்றோரின் முதற்றலைமுறைச் செடிகள் தம்முள் வேறுபட்டன. ஆனால் அவை ஒவ்வொன்றின் சந்ததியும் சிறிதும் மாறாது தாயைப் போலவே வளர்ந்தது. தாம் கண்ட விதியைத் தாமே மறுக்கும் சான்று மெண்டலின் கையிலேயே விளைந்தது. அதனை அவர் மறைக்கவில்லை. வலிந்து விளக்கவும் முற்படவில்லை. 1868இல் மடாதிபதியாகிவிட்ட அவருக்கு ஆய்வுக்கான நேரமும் குறைந்தது. 1884 சனவரி 6ஆந் திகதி அவர் காலமானபோது அப்புதிர் அவிழ்க்கப்படாமலே இருந்தது.

சவரக்கத்தி தந்த விடை

விடை ஸ்கந்தினேவிய நாடுகளிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் சுவீடன் அறிஞர்களாகிய மூர்பெக் அல்கெமில்லாச் சாதியிலும், யூல் அந்தனேரியா என்னும் மலைச்செடியிலும், முட்டைக்கலம் கருக்கட்டப்படாமலே முளையமாவதை நுணுக்குக்காட்டியிற் கண்டனர். 1903இல் டென்மார்க் அறிஞர் ரவுங்கியர் மிக எளிய பரிசோதனையொன்றைச் செய்தார். தரக்சாக்கம் செடியின் விரியாத தலைமொட்டின் மேற்பாதியைச் சவரக்கத்தியால் அரிந்தெறிந்தார். மகரந்தக்கூடுகளும் குறிகளும் அதனோடு போயின; கீழேயுள்ள சூலகங்கள் மாத்திரம் எஞ்சின. எனினும் அவை காய்த்தன, வித்துக்கள் முளைத்தன. அதே ஆண்டில் ஒஸ்ரன்பெல்ட் என்பாருடன் இணைந்து ஹைராசியத்திலும் அவர் இதையே நிறுவினார். சில ஆண்டுகளில் ரோசன்பேர்க் ஹைராசியத்தின் சூல்வித்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து அதன் பொறிமுறையை விளக்கினார்.

சாதாரண பூக்குந் தாவரத்தில் ஒடுக்கற்பிரிவு நிகழ்ந்து முட்டைக்கலத்தின் நிறமூர்த்த எண்ணிக்கை பாதியாகின்றது. மகரந்தத்திலிருந்து வரும் மறுபாதியுடன் அது கூடி முளையமாகின்றது. மெண்டல் கையாண்ட ஹைராசியம் வகைகளிலோ சூல்வித்தின் உடற்கலமொன்று ஒடுக்கற்பிரிவின்றியே முளையப்பையாக வளர்கின்றது. ஆகவே அதன் முட்டைக்கலம் தாயின் நிறமூர்த்தங்கள் முழுவதையும் கொண்டுள்ளது. தந்தையின் பங்கின்றியே முளையமாகின்றது. 1908இல் விங்க்லர் இவ்வகை இனப்பெருக்கம் முழுவதற்கும் ‘அப்போமிக்சிஸ்’ என்னும் சொல்லை வரையறுத்தார். நாம் இதனைக் கலவியிலா வித்தாக்கம் எனலாம். கியூவின் மணமாகாப் பெண்ணுக்கும் இப்பிரிவில் இடமுண்டு. அதில் முளையம் முட்டைக்கலத்திலிருந்தன்றிச் சூல்வித்தின் இழையத்திலிருந்தே நேரடியாக அரும்புகின்றது என்பதை ஸ்திராஸ்பேகர் 1878லேயே கண்டிருந்தார்.

மெண்டலின் புதிர் இப்போது அவிழ்ந்தது. அவரது செடிகள் பெரும்பாலும் கலவியின்றி வித்துத் தருபவை. எனினும் இடையிடையே சில முட்டைகள் ஒடுக்கற்பிரிவுக்குட்பட்டு உருவாகும். அவையே அவர் இட்ட மகரந்தத்தால் கருக்கட்டப்பட்டன. பெற்றோர் தாமே கலப்புத்தன்மை மிக்கவையாதலால் அப்புணரிகள் வெவ்வேறு சேர்மானங்களைக் கொண்டிருந்தன. முதற்றலைமுறை வேறுபட்டதன் காரணம் இதுவே. பிறந்த செடிகள் மீண்டும் கலவியின்றியே வித்துத் தந்தமையால் அடுத்த தலைமுறைகள் மாறாதிருந்தன. பட்டாணியின் விதி பொய்க்கவில்லை; அது செயற்படுவதற்கு வேண்டிய கலவியே அங்கு நிகழவில்லை. நேகெலிக்கு மெண்டல் எழுதிய கடிதங்களைக் கொரென்ஸ் 1905இல் வெளியிட்டபோது, எத்துணைக் கவனத்தோடு அவர் தம் தோல்வியைப் பதிந்திருந்தார் என்பதை உலகம் அறிந்தது.

மலட்டுத்தன்மை நீங்கிய விதம்

கலப்பினம் சந்ததியிற் சிதறாதிருப்பதற்குக் கலவியிலா வித்தாக்கம் ஒரு வழி. மலட்டுத்தன்மையை நீக்கும் மற்றொரு வழியை டென்மார்க் அறிஞர் விஞ்ஞ 1917இல் எடுத்துரைத்தார். இரு வேறினங்களின் நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று சோடிசேர இயலாமையே மலட்டுத்தன்மைக்குக் காரணமெனில், கலப்பினத்தின் நிறமூர்த்தத் தொகுதி முழுவதும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒத்த துணை கிடைத்துவிடுமன்றோ? 1930இல் சுவீடன் நாட்டு முன்ற்சிங் இதனை இயற்கையினத்தைக் கொண்டே மெய்ப்பித்தார். 16 நிறமூர்த்தங்களையுடைய கலியொப்சிஸ் இனங்களிரண்டைக் கலந்து, 32 நிறமூர்த்தங்களையுடைய கலியொப்சிஸ் தெத்திராகித் என்னும் காட்டினத்தை அவர் தம் தோட்டத்தில் மீளவும் உருவாக்கினார். லின்னேயஸ் பெயரிட்ட இனமொன்றை மனிதன் அதன் மூதாதையரிலிருந்து மீண்டும் தோற்றுவித்த முதல் நிகழ்ச்சி இதுவாகும். லின்னேயஸ் தாமே கையாண்ட திரகோபோகனும் இவ்வரலாற்றில் மீண்டும் வருகின்றது. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவில் குடிபுகுந்த அதன் மூன்று இனங்கள் அங்கு கலந்து, நிறமூர்த்தம் இரட்டித்த இரு புதிய இனங்களை ஈன்றுள்ளமையை ஒவ்ன்பி 1950இல் விவரித்தார்.

இவ்விரு வழிகளுக்கும் இடையிலுள்ள உறவைத் தெளிவாகக் காட்டுவது ஸ்பார்ட்டினா என்னும் உவர்ச்சதுப்புப் புல்லாகும். வட அமெரிக்காவின் ஸ்பார்ட்டினா ஓல்ரேர்னிபுளோரா பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் தென்கரையை அடைந்தது. அங்கு ஸ்பார்ட்டினா மரித்திமா என்னும் ஐரோப்பிய இனத்தோடு அது கலந்தது. 1870இல் சௌதம்ப்ரன் நீரேரியின் கரையிலுள்ள ஹைத் என்னுமிடத்தில் அவற்றின் கலப்பினம் முதன்முறையாகச் சேகரிக்கப்பட்டது. அது மலடு, ஒரு வித்தும் தருவதில்லை. ஆயினும் சேற்றினுள் ஓடும் வேர்த்தண்டுக் கிழங்குகளாற் பதியமுறையிற் பரவி அது உயிர்வாழ்ந்தது. அவ்வாறு வாழ்ந்த இடைக்காலத்தில், அந்நூற்றாண்டின் இறுதியளவில், நிறமூர்த்தங்கள் இரட்டித்து ஸ்பார்ட்டினா அங்கிலிக்கா என்னும் வளமுடைய புதிய இனம் பிறந்தது. பெற்றோரின் நிறமூர்த்தங்கள் 62, 60. புதிய இனத்தினதோ 120 முதல் 124 வரையாகும்.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பதியமுறை இனப்பெருக்கம் இல்லாதிருந்தால் அக்கலப்பினம் ஓரிரு பருவங்களில் அழிந்திருக்கும். இரட்டித்தல் நிகழ்வதற்கு அவகாசமே கிடைத்திராது. கலவியில்லாமை கலப்பினத்துக்குக் காலத்தை ஈட்டிக்கொடுத்தது. பிறந்த புதிய புல்லோ பெற்றோர் புகமுடியாத சேற்று நிலங்களிலும் காலூன்றியது. கரையைக் காக்கவென்று மனிதர் அதனை உலகின் பல பாகங்களிலும் நட்டனர். பின்னர் அதுவே கட்டுக்கடங்காப் பூண்டாகப் பெருகி, அதனை அழிக்க முயலும் நிலையும் ஏற்பட்டது.

இரு வழிகளும் ஒன்றிணைதல்

கலவியின்றி வித்துத் தரும் தாவரங்கள் பெரும்பாலும் கலப்பினங்களாகவும் பன்மடியங்களாகவும் இருப்பது தற்செயலா? 1918இல் சுவிற்சலாந்தின் ஏர்ன்ஸ்ற், இனக்கலப்பே கலவியிழப்பின் காரணமென ஒரு பெருநூலில் வாதிட்டார். அவரது கூற்று முழுமையாக நிலைக்கவில்லை. இனங்களைக் கலந்த மாத்திரத்தில் கலவியிலா வித்தாக்கம் தோன்றிவிடுவதில்லை. அதற்குரிய பரம்பரையலகுகள் வேண்டும். ஆயினும் அவ்வியல்பு எங்கேனும் தோன்றுமாயின், அதனாற் பெரும்பயன் பெறுவது மலட்டுக் கலப்பினமே என்ற உண்மை அவரது வாதத்தினுள் அடங்கியிருந்தது.

இதனைத் தெளிவுறுத்தியது பாப்கொக், ஸ்ரெபின்ஸ் ஆகிய கலிபோர்ணிய அறிஞர் இருவர் 1938இல் வெளியிட்ட கிரெப்பிஸ் சாதியின் அமெரிக்க இனங்கள் பற்றிய நூலாகும். மேற்கு அமெரிக்காவிற் பரந்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய இயலாது மயங்கிக் கிடந்த கிரெப்பிஸ் செடிகளின் நிறமூர்த்தங்களை அவர்கள் எண்ணினர். குழப்பத்தினடியில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. 22 நிறமூர்த்தங்களைக் கொண்டு கலவியால் இனம்பெருக்கும் ஏழு இருமடிய இனங்கள் இருந்தன. அவை தெளிவாக வேறுபட்டவை. குறுகிய நிலப்பரப்புகளில் ஒதுங்கி நின்றவை. அவற்றைத் தூண்களாகக் கொண்டு, அவற்றின் இயல்புகளைப் பலவாறு கலந்து, 33, 44, 55 என உயரும் நிறமூர்த்த எண்ணிக்கைகளோடு பன்மடிய வடிவங்கள் பரந்த நிலமெங்கும் விரிந்திருந்தன. இவை கலவியின்றியே வித்துத் தந்தன. தூண்கள் ஏழு, அவற்றின்மீது தங்கிய கூரையோ மிக விரிந்தது.

இவ்விடத்திலே இனம் என்னும் சொல்லின் பொருள் பற்றிய சர்ச்சை கூர்மையடைந்தது. தம்முட் கலந்து சந்ததி பெறும் உயிர்களின் கூட்டமே இனமென்றால், கலவியே அறியாத செடிகளுக்கு அவ்வரையறை எவ்வாறு பொருந்தும்? ஐரோப்பிய மரபினர் ஒவ்வொரு மாறா வடிவத்தையும் நுண்ணினமெனக் கொண்டு பெயரிட்டனர்; பிரித்தானியத் தீவுகளின் ரூபஸ் சாதியில் மாத்திரம் முந்நூறுக்கு மேற்பட்ட நுண்ணினங்கள் கணிக்கப்பட்டன. கலிபோர்ணிய அறிஞரோ கலவியிலா வடிவங்களுக்குத் தனியினத் தகுதி வழங்காது, அவற்றை நெருங்கிய இனங்களின் கீழ் வடிவங்களாகவே அடக்கினர். இவ்விரு மரபுகளுள் ஒன்று சரி, மற்றது பிழை எனத் தீர்ப்பளித்தல் எளிதன்று. இயற்கை தன்னை நமது அறைகளுக்கேற்ப வகுத்து வைக்கவில்லை என்பதையே இச்சர்ச்சை நமக்கு உணர்த்துகின்றது.

முட்டுச்சந்தா, இடைவழியா?

கலவியிலா வித்தாக்கம் மலட்டுத்தன்மையிலிருந்து தப்பும் வழியேயாயினும் அது கூர்ப்பின் முட்டுச்சந்திற் போய் முடிவது என டாலிங்டன் 1939இல் கருதினார். ஸ்ரெபின்சும் 1950இல் வெளிவந்த தமது பெருநூலில் இதையொத்த முடிவையே முன்வைத்தார். பரம்பரையலகுகள் மீள்சேர்க்கையடையாத குடித்தொகை, மாறும் சூழலுக்கேற்ப மாறவியலாது காலப்போக்கில் அழியும் என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தில் வலுவுண்டு. ஆயினும் பிற்கால ஆய்வுகள் அக்கதவு முற்றாக அடைபட்டதன்று எனக் காட்டின. 24 நிறமூர்த்தங்களையுடைய தரக்சாக்கம் செடி தான் கலவியின்றி வித்துத் தந்தாலும் மகரந்தத்தையும் உண்டாக்குகின்றது. அம்மகரந்தம் 16 நிறமூர்த்தங்களையுடைய இலிங்கமுறைச் செடியைக் கருக்கட்டும்போது கலவியிலா இயல்பே புதிய சேர்மானங்களுக்குக் கடத்தப்படுகின்றது. மெண்டலின் ஹைராசியத்தில் நிகழ்ந்ததும் அடிப்படையில் இதுவே.

நமது நாட்டிலும் இவ்வியல்பின் விளைவுகளைக் காணலாம். களுத்துறைப் பகுதிக்குப் பெயர் தேடித்தந்த மங்குஸ்தீன் கலவியின்றியே வித்துத் தருவது. வித்திலிருந்து வளரும் மரம் தாயை ஒத்திருப்பது இதனாலேயே. வீதியோரங்களையும் கைவிடப்பட்ட காணிகளையும் மூடி நிற்கும் கினிப்புல்லும் பெரும்பாலும் இவ்வாறே வித்துத் தருகின்றது. அதன் தாயகமாகிய ஆபிரிக்காவின் கிழக்குப் பகுதியில் கலவியால் இனம்பெருக்கும் இருமடியச் செடிகள் 1960களிற் கண்டறியப்பட்டன. தாயகத்தில் கலவியும் வேறுபாடும், குடிபுகுந்த நாட்டில் மாறாத பெருக்கமும் என்னும் இவ்வமைப்பு கிரெப்பிசின் தூண்களையும் கூரையையும் நினைவூட்டுகின்றது.

முடிவுரை

2022இல் தரக்சாக்கத்தின் முட்டைக்கலத்தைக் கருக்கட்டலின்றிப் பிரியத் தூண்டும் பரம்பரையலகு இனங்காணப்பட்டது. சலாதுச் செடியிற் புகுத்தப்பட்டபோது அங்கும் அது செயற்பட்டது. நெல்லிலே கலவியின்றித் தாயை ஒத்த வித்துக்களைப் பெறும் வழிகளை 2019இல் வெளிவந்த ஆய்வுகள் விவரித்தன. கலப்பின நெல்லின் விளைச்சற் சிறப்பு அடுத்த தலைமுறையிற் சிதறிவிடுவதால், உழவர் ஒவ்வொரு போகத்துக்கும் வித்தை விலைகொடுத்தே வாங்கவேண்டியுள்ளது. அச்சிறப்பை வித்திலேயே நிலைநிறுத்த முடியுமாயின் தன் வயலின் நெல்லையே அவர் விதைநெல்லாக வைத்துக்கொள்ளலாம். காட்டுச்செடி தன் பிழைப்புக்காகக் கண்ட வழி உழவரின் கைக்கு வருமா, அல்லது வித்து வணிகரின் உரிமைப் பத்திரத்துள் அடங்கிவிடுமா என்பது தாவரவியல் மாத்திரம் விடையளிக்கக்கூடிய வினாவன்று.

மெண்டல் தேடிய மாறாத கலப்பினம் உண்மையிலேயே இருந்தது. அவர் கையிலேயே இருந்தது. அதனை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய நிறமூர்த்த அறிவுதான் அவரது காலத்தில் இருக்கவில்லை. ஒரு விதிக்கு மாறான சான்று கிடைக்கும்போது அதை ஒதுக்கிவிடுவதும், விதியையே எறிந்துவிடுவதும் இலகுவானவை. இரண்டையும் செய்யாது, கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்து விடையைப் பின்வருவோர்க்கு விட்டுச்செல்வதே கடினம். ஹைராசியம் பற்றிய அச்சிறு கட்டுரை பட்டாணிக் கட்டுரையைப் போலப் புகழ்பெறவில்லை. ஆயினும் ஆய்வுத்துறையிற் காலடி வைக்கும் மாணவர்க்கு அதுவும் அதற்கிணையான பாடமாகும்.